குங்குமம் பட்ட கொச்சித் தாலி

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்கத் தெரியாது. இந்த வெள்ளைக்கார ஊரில், ஹட்டன் கார்டன் தெருவில் ஒரு நகைக்கடையில் பதினாறு வருடமாக நகை பழுதுபார்க்கிறேன். வாடிக்கையாளர் முன்னால் அன்று வாயைத் திறந்தது தப்புத்தான், ஆனால் இன்றுவரை அதற்கு வருத்தமில்லை.

யூதர்கள் கல்யாண மோதிரம் வாங்க எங்களிடம் வருவார்கள். கல் கூடாது, துளை கூடாது, வெறும் வளையம். மாப்பிள்ளை அதை மணமகளின் வலக்கை ஆட்காட்டி விரலில் போடுவார். அப்படி மகளுக்கு மோதிரம் பார்க்க வந்த ஒரு தாய், கைப்பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலி!

அவர் கொச்சி யூதர். அங்கே அக்கம்பக்கத்து இந்துக்களைப் போல இவர்கள் வீட்டுப் பெண்களும் தாலி அணிவார்களாம். இது அவருடைய தாயின் தாலி, கொக்கி விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இதைப் போட்டே தீருவேன் என்று மகள் பிடிவாதமாம். அவர் மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் கேட்டேன், இருவருக்கும் விளங்கியது.

ஒட்டி முடித்ததும் தாலியை வெறுமனே பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. என் கைப்பையில் ஆர்ச்வே முருகன் கோயில் குங்குமம் இருந்தது. ஒரு பொட்டு வைத்துவிட்டேன். யோசிக்கவேயில்லை. எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும்.

வியாழக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள், கூடவே மாப்பிள்ளையின் அத்தை. பெட்டியைத் திறந்ததும் அத்தை பாய்ந்தார்.

"நான் அப்போதே சொன்னேனே! இது கோயில் சாமான். இதோடு எங்கள் கல்யாணப் பந்தலுக்குள் வரக் கூடாது."

தாயின் முகம் செத்துப்போனது. எனக்கு என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர்கள் பொருளில் என் சாமியை வைக்க நான் யார்?

"பிழை என்னுடையது. இப்போதே கழுவித் தருகிறேன்" என்றேன்.

"கழுவினால் யூத நகையாகிவிடுமா?"

அதோடு என் பொறுமை போயிற்று. அத்தையின் கழுத்தில் ஐந்து விரல் விரித்த கை வடிவப் பதக்கம் தொங்கியது. மொரோக்கோவில் தன் தாய்வீட்டுச் சொத்து என்று சற்று முன்தான் பெருமையடித்திருந்தார்.

"அந்தக் கையை அங்கே முஸ்லிம் பெண்களும்தானே போடுகிறார்கள்? உங்கள் பக்கத்து வீட்டோடு பகிர்ந்தால் மரபு, கொச்சியில் பகிர்ந்தால் தீட்டா?"

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அத்தை தன் பதக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு, "சரி, போடட்டும். உடுப்புக்குள்ளே. வெளியே தெரியக் கூடாது" என்றார். பாவம், தாய் அதற்கும் தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒளித்துவைக்க இதென்ன திருட்டுப் பொருளா?

"நீ ஒளிக்காதே பிள்ளை, இது உங்கள் வீட்டுத் தாலி" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே குங்குமத்தைத் துடைக்கக் குனிந்தேன். என் தாலிக்கொடி சட்டைக்குள்ளிருந்து நழுவி வெளியே விழுந்தது. பழக்கத்தில் சட்டென்று உள்ளே தள்ளினேன்.

மகள் பார்த்துவிட்டாள். "அப்படியென்றால் நீங்கள் ஏன் ஒளிக்கிறீர்கள்?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் முதலாளி, வாடிக்கையாளர் கண்ணில் அது படாமல் இருந்தால் நல்லது என்றார். உள்ளே விட்டேன். பதினாறு வருடத்தில் ஏன் என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. "என்ன, அங்கை வெளியிலை போட வெட்கமோ?" என்று கணவர் பகிடி பண்ணும்போதெல்லாம், "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, சும்மா இருங்கோ" என்று அவர் வாயைத்தான் அடைத்தேன். இதில் ஊராருக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டேன்!

கொடியை வெளியே இழுத்துச் சட்டைக்கு மேலே விட்டேன். குங்குமத்தைத் துடைத்து முடித்து நீட்டினேன். மகள் தன் தாலியை வாங்கி, அத்தையின் முன்னாலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டாள், மேலே தெரிய.

முதலாளி என் கழுத்தைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஏலாது" என்றேன், தமிழிலேயே.