மார்கழியில் வாங்கிய லேப்டாப்

மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். புது லேப்டாப்பைத் திறக்க எனக்கோ கை துறுதுறுத்தது. கடைசியில் அவரே வழி சொன்னார்: "அதுல இருக்கிற காலண்டர்ல தை முதல் தேதிய வச்சுத் தொறந்துக்க. வராத தைன்னா பொய்யாயிரும், போன தைய வை." திகதியை மாற்ற மட்டும் ஒருமுறை திறந்து மூடி, பிறகு சூடம் காட்டி முறைப்படி திறந்தோம்.

மறுநாள் இருவரும் ராகலையில் பஸ் ஏறி, இலவச வைஃபைக்காக நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்குப் போனோம். சிக்னல் முழுதாக இருந்தும் லாகின் பக்கம் திறக்கவேயில்லை. லேப்டாப்பை அணைத்து மீண்டும் போட்டேன், மேசை மாறினேன், எரிச்சலில் இன்னொரு பிளேன்டீயும் குடித்தேன். பிறகுதான் திரையில் வந்த எச்சரிக்கையை ஒழுங்காக வாசித்தேன்: கணினியின் திகதி தவறு. அன்றைய திகதியைப் போட்டதும் பக்கம் திறந்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சாமியே ஒத்துக்கிருச்சு. இந்த வைஃபைக்கு மட்டும் என்னா கொழுப்பு!"