கம்பத்து விளக்கும் திருவாதிரையும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மார்கழியில் நடந்ததற்கெல்லாம் என் வாய்தான் காரணம்.

சாகப்போகும் பெரிய நட்சத்திரங்களை ஆராய்வது என் வேலை. நம் சூரியனைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு எடையோடு பிறந்து, எரிபொருளை அவசரமாகத் தின்று தீர்த்து, கிழடாகி ஊதிப்போய் நிற்கிற நட்சத்திரங்கள். கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. வருகிற ஒளியைப் பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். பிரித்தால் வானவில் மாதிரி ஒரு பட்டை கிடைக்கும். அதன் பெயர் நிறமாலை. அதில் இடையிடையே கறுப்புக் கோடுகள் இருக்கும். எந்தக் கோடு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து நட்சத்திரத்தில் என்ன வாயு இருக்கிறது, எவ்வளவு சூடு, அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று சொல்லலாம்.

அந்தக் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரமான திருவாதிரை மங்க ஆரம்பித்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. குளிர்ந்து மங்குகிறதா, அல்லது தானே துப்பிய தூசியில் மறைகிறதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் முனைவர் பட்ட ஆய்வின் கடைசி அத்தியாயம் அந்த நட்சத்திரத்தைப் பற்றியதுதான். அந்த நேரம் பார்த்து விடுதியை விடுமுறைக்கு மூடிவிட்டார்கள். துறையிலிருந்த சின்னத் தொலைநோக்கியையும் நிறமாலைக் கருவியையும் கையெழுத்துப் போட்டு வாங்கி, இரண்டு பஸ் மாறி, சாலவாக்கம் பக்கம் இருக்கிற எங்கள் காலனிக்குக் கொண்டுவந்தேன். கருவியோடு ஒரு குட்டி நியான் விளக்கும் வரும். அதன் கோடுகள் எங்கெங்கே விழும் என்று முன்பே தெரியும். அதுதான் அளவுகோல். அதை வைத்துத்தான் நட்சத்திரத்தின் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க முடியும். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் எவனோ என் பையின்மேல் அரிசி மூட்டையைப் போட்டான். நியான் விளக்கு தூளாகிவிட்டது. அவனோடு சண்டை போட்டேன். விளக்கு திரும்ப வரவில்லை.

எங்களுடையது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மேலே மட்டமான தளம். கிழக்கே ஏரிக்கரை வரை மறைப்பே இல்லை. ஏழரை மணிக்குத் திருவாதிரை நன்றாக மேலேறிவிடும். எட்டரைக்குமேல் பனி இறங்கிக் கண்ணாடியெல்லாம் நனைந்துவிடும். நடுவில் கிடைக்கிற நேரம்தான் எனக்கு. ஆனால் தளத்திலிருந்து பத்தடி தூரத்தில் தெருவிளக்குக் கம்பம். பழைய ட்யூப்லைட். மெயின் ரோட்டுக்கெல்லாம் எல்.இ.டி. போட்டுவிட்டு, எங்களுக்குப் பழசையே விட்டுவைத்திருந்தார்கள். அந்த வெளிச்சம் தொலைநோக்கியின் குழாய்க்குள் புகுந்து ஒவ்வொரு படத்திலும் அழுக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் சோற்றுத்தட்டின்முன் வெடித்தேன்.

"எவன் நைனா அந்தக் கம்பத்த இங்க நட்டான்? அறிவு வாணாம்?"

நான் கேட்டது அப்பாவை. பதில் அம்மாதான் சொன்னாள்.

"நாந்தான்டி நட்டேன். அந்தக் கால்வா பாலத்தாண்ட ஒரு பொண்ண விரியன் கடிச்சி தூக்கினு ஓடனமே, மறந்துட்டியா? ரெண்டு வர்சம் மனு குட்த்தேன். ஆபீஸ் படியெல்லாம் தேஞ்சிது. நீ வந்து அறிவப் பத்திப் பேசறியா?"

"இப்ப என் படிப்புதான் போவுது."

"போவட்டும். பாம்பு கடிச்சா உசுரு போவும்."

நைனா கை கழுவிக்கொண்டே, "அந்த வெளக்கு எத்தினி மணிலருந்து தொந்தரவு குடுக்குது?" என்று கேட்டார்.

"ஏழரைலருந்து எட்டரை" என்றேன். அவர் ஏன் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை.

நைனாதான் பஞ்சாயத்தில் டேங்க் ஆப்பரேட்டர். காலை ஆறு மணிக்கு மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறப்பார். மாலை ஆறு மணிக்குத் தெருவிளக்குப் பெட்டியில் சுவிட்சைப் போடுவார். அதற்குமுன் முப்பது வருடம் அடுத்தவன் வயலில் சேறு மிதித்தவர். இந்த வேலை கிடைத்தபிறகுதான் சட்டைப்பையில் பேனா வைத்தார். நிரந்தர வேலை இல்லை. தலைவர் வேண்டாம் என்றால் மறுநாள் வேறு ஆள்.

மறுநாள் ஏழரைக்குத் தெருவிளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று சந்தோஷமாகப் படம் எடுத்தேன். எட்டரைக்கு எரிந்தது. அடுத்த நாளும் அதேபோல. மூன்றாம் நாள் கீழே எட்டிப் பார்த்தேன். வீடுகளில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா வாசலில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டார் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு மட்டும்தான் இல்லை.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இறங்கிப் போய், "போடு நைனா லைட்ட" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படங்கள் அவ்வளவு சுத்தமாக வந்தன. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இன்னும் மூன்று நாள் எடுத்தேன். கண்டதற்கெல்லாம் கத்துகிறவள், பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

ஆறாம் நாள் அந்தச் சின்னம்மா விழுந்தாள். சொந்தம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். உத்திரமேரூரில் ஒரு துணிக்கடையில் வேலை. ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். தினமும் போகும்போதே மேலே பார்த்து, "இன்னாமே, உன் நட்சத்திரம் வந்துச்சா, இல்ல இன்னும் பஸ்ஸுக்கு நின்னுகினு கீதா? எங்க வூட்லயுந்தான் ஸ்டார் கட்டிகீறோம், அத்தப் பாத்தா ஆவாதா?" என்று கிண்டல் செய்வாள். அன்றைக்குக் குரல் வேறு மாதிரி வந்தது. கால்வாய்ப் பாலத்தின் ஓரம் தெரியாமல் கால் வைத்து உள்ளே விழுந்திருந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. அதே பாலம்.

நைனா ஓடிவந்து தூக்கினார். அவர் முகத்தை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இன்றுவரை அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

மறுநாள் காலையில் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் தெருவே நின்றது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நைனா நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு நாளா அதே டயத்துக்கு எப்பிடி வெளக்கு அணையுது?"

"ஃபீஸ் போய்ப் போய் வருதுங்க."

"ஃபீஸு வாட்ச் கட்டிகினு கீதா? சாவிய வெச்சிட்டுப் போ. வேற ஆளப் பாக்கறேன்."

நைனா சட்டைப்பையில் கையை விட்டார். சாவி பேனாவோடு சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. அதை அவர் பிடித்து இழுத்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அவுரு எனக்காக அணைச்சாரு" என்றேன். "நான் மேல நட்சத்திரம் பாக்கறதுக்கு. எனக்கு நடுவுலயே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். தப்பு என்னிது."

"ஏ, நீ போ வூட்டுக்கு" என்றார் நைனா.

கூட்டம் சத்தம் போட்டது. ஒருவர், "படிச்ச திமிரு" என்றார். அவருக்குப் பதில் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி அடக்கியது குறைவு.

மாவுக்கட்டோடு வந்திருந்த சின்னம்மா முன்னால் வந்தாள்.

"தலைவரே, வுழுந்தவ நான். நான் சொல்றதக் கேளு. இந்த ஆளு எங்க தெருவுக்கு ஒரு நாளு தண்ணி இல்லன்னு வெச்சாரா? புயல்ல கூட முட்டியளவு தண்ணில நடந்து போயி வால்வு தொறந்தாரு. அவர அனுப்பாத. இவள வுடாத." என் பக்கம் திரும்பினாள். "என் கை சேர்ற வரைக்கும் நீதான்டி எனக்குத் தண்ணி புடிக்கணும். பத்துக் கொடம். அரிசி களையணும், துணி தோய்க்கணும். உன் டாக்டர் படிப்பு அப்புறம்."

தலைவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இனி ஒரு நாள் விளக்கு அணைந்தாலும் வேலை இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். நைனாவின் பேனாவை வாங்கி நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். சாவி அவர் பையிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு அவர் வால்வைத் திறப்பார், நான் குழாயடியில் குடத்தோடு நிற்பேன். சின்னம்மா படியில் உட்கார்ந்து எண்ணுவாள். "ஆறு. சிந்தாத. வானத்தப் பாத்துகினு நடக்காத, அது உன் வேலையில்ல இப்ப."

மாலையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மேலே ஏறினேன். படத்தில் பழையபடி அழுக்கு. பச்சையில் ஒரு வெளிச்சக் கோடு, மஞ்சளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அது பாதரசம். ட்யூப்லைட்டுக்குள் இருக்கிற பாதரச ஆவி. அதன் கோடுகள் எங்கே விழும் என்று முதல் வருட மாணவிக்கே தெரியும். உடைந்த நியான் விளக்குக்காக ஊரையே திட்டியவளுக்கு, தலைக்குமேலே அளவுகோல் எரிந்துகொண்டிருந்தது தெரியவில்லை. எல்.இ.டி.யாக இருந்திருந்தால் அந்தக் கோடுகள் கிடைத்திருக்காது. எங்கள் தெருவுக்கு மட்டும் பழசை விட்டுவைத்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் உண்மை இதுதான்.

அதை வைத்து முதல் மூன்று நாள் அழுக்குப் படங்களையும், பிறகு எடுத்தவற்றையும் அளந்தேன். அத்தியாயம் தேறிவிட்டது.

நடுவில் உள்ள ஆறு நாள் படங்களுக்கு மட்டும் அளவுகோல் இல்லை. அவ்வளவு சுத்தமான நிறமாலையை நான் அதற்குப் பிறகும் எடுத்ததில்லை. கோட்டின் நகர்வை அளக்க அவை உதவாது. நைனா தன் வேலையைப் பணயம் வைத்து எனக்கு வாங்கிக் கொடுத்த இருட்டு அது.

ஒரு நாள் மேலே ஏறி வந்து அவர் கேட்டார்: "அந்த ஆறு நாளு எடுத்தியே, அதாச்சும் உதவுச்சா?"

அன்றைக்குச் சின்னம்மாவின் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். நான் எதையும் மறைத்துப் பேசுகிறவள் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"அதான் நைனா ரொம்ப உதவுச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். ஆறு மணி ஆகியிருந்தது. சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டது, ட்யூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது. துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, முதல் படமாக அந்த விளக்கையே எடுத்தேன்.