பெண்கள் பக்கத்துப் படம்

சாய்ந்தமருதில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோப் படம் பிடிக்க நப்லாவைத்தான் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அரச வேலைக்கு நியமனம் வரும் வரைக்கும் என்று தொடங்கியது, அதுவே தொழிலாகிவிட்டது. அவளுடைய கமெராவுக்கு முன்னால் பெண்கள் முக்காட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். ஆண் கண் படாது என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

படங்கள் கூடக்கூட மடிகணினி நிரம்பியது. கூடப்பிறந்த காக்கா றிப்தி, கல்முனைக் கடையொன்றில் கழித்துப்போட்ட பழைய கணினியைக் கொண்டுவந்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, படங்களைச் சேமித்துவைக்கும் சேர்வர் மென்பொருளை நப்லா அதில் ஏற்றினாள். திரையும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். கட்டிலுக்கடியில் கிடந்தபடியே வைஃபையில் எல்லாப் படத்தையும் தந்தது. எடிட் செய்ய வரும் சாச்சி மகள் நுஸ்ஹா பாஸ்வேர்டை மறந்து மறந்து கேட்கவே, நப்லா சலித்துப்போய் அதை எடுத்துவிட்டாள். வீட்டுக்குள்தானே!

றிப்தி வைஃபையில் இணையும் புது டீவி வாங்கினான். கிரிக்கெட் மெச் பார்க்கக் கூட்டாளிமார் வந்திருந்த அன்று, மழையால் ஆட்டம் நின்றது. ஒருவன் ரிமோட்டை அமத்திக்கொண்டிருந்தான். கட்டிலுக்கடியில் இருந்த கணினிப் பெட்டியை டீவி தானாகவே கண்டுபிடித்துக் காட்டியது.

"மச்சான், மெச் நிண்டா என்ன, இஞ்ச கல்யாணம் ஓடுது!"

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நப்லாவுக்குப் பெண்களின் குரவை கேட்டது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். டீவியில், அவள் படம் பிடித்த கல்யாணப் பெண் அப்னா தலைமுடி அவிழ ஆடிக்கொண்டிருந்தாள். நப்லா அறைக்குள் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள்.

எல்லோரும் போனபின் றிப்தியிடம் கேட்டாள். "எவ்வளவு நேரம் ஓடின?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம் எண்டா?"

றிப்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்பாஸும் இருந்தான்." இன்பாஸ், அப்னாவின் மாப்பிள்ளைக்குக் கூட்டாளி.

சொல்லாமல் விட்டால் அது யாருக்கு நல்லது, அப்னாவுக்கா, தனக்கா? விடை பிடிபடவில்லை. ஆனாலும் அப்னாவின் உம்மா றஹீமாவிடம் போனாள்.

கேட்டதும் றஹீமா எழும்பிக் கதவைச் சாத்தினாள். "உன்னை நம்பித்தானே கா ஆடின நாங்க."

"என்ட பிழைதான் மாமி."

"மாப்பிள்ளை இந்த வீட்டிலதான் இரிக்கார். அவர்ர காதுக்குப் போனா என்ட புள்ளைட வாழ்க்கை? அழிச்சிரு. முழுசா."

"உம்மா, பெரியம்மா அதிலதானே ஆடுறா," என்றாள் அப்னா. பெரியம்மா நோன்புக்கு முன்னால் மவுத்தாகி அடக்கப்பட்டுவிட்டார்.

"அழி எண்டன். ஆருக்கிட்டயும் கதைக்காத. மத்த வீட்டாருக்கிட்டச் சொன்னா எங்கட கதையும் வெளிய வரும்."

பெட்டிக்குள் வேறு கல்யாணங்களும் இருந்தன. அவற்றையும் யாராவது திறந்தார்களா என்று நப்லாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இனிச் சொல்ல முடியாது. அப்னாவின் படத்தை அழித்தாள். பெட்டியை மூடிக்கட்டினாள். இந்த வேலையே வேண்டாம் என்று இருந்தாள்.

அடுத்த கிழமை மருதமுனையிலிருந்து நதீரா என்று ஒருத்தி வந்தாள். "மகளுக்குக் கல்யாணம். உங்களிட்டக் குடுத்தா ஒரு பயமும் இல்ல எண்டு றஹீமாதான் சொன்னா."

நப்லா, மூடிக்கட்டிய பெட்டி கிடந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் மகள், ஏலாதா? என்ன, ஏதும் பிரச்சினையா?"

ஏலாது என்றால் காரணம் கேட்பாள். கேட்ட காரணம் றஹீமா வீட்டு வாசலில் போய் நிற்கும்.

"ஒண்டுமில்ல. வாறன்," என்றாள் நப்லா.

நதீராவின் முகம் மலர்ந்தது. "இளையவள் நல்லா ஆடுவாள் மகள். அவளையும் வடிவா எடுங்க."