‘சாப்ட்டேன்’ என்றால்

அப்பாவின் நாக்கோரத்தில் வந்த புற்றுக்கு ரேடியேஷன் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வாரம் ஒருமுறை டாக்டர் அவர் வாயைப் பார்த்து மார்க் போடுவார். சிவந்து எரிந்தால் ஒன்று. புண் வந்தும் மென்று சாப்பிட முடிந்தால் இரண்டு. தண்ணீராக மட்டும் இறங்கினால் மூன்று. எதுவுமே இறங்காவிட்டால் நான்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மார்க் என்றால் கூடக் கூட நல்லது என்றே பழகியவன். முதல் வாரம் ‘ஒன்று’ என்றதும் என் முகம் வாடியதைப் பார்த்து நர்ஸ் சிரித்துவிட்டார்.

மூன்று வந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றிவிட்டால் ரேடியேஷனைப் பாதியில் நிறுத்த வேண்டிவரும், அது கட்டிக்குத்தான் சாதகம் என்றார். அப்பாவின் கவலை வேறு. வங்காளிகள் மத்தியில், லேக் கார்டன்ஸில் எங்களுக்கு ஒரு சின்ன இட்லிக் கடை. “மூக்குல குழாயோட கல்லாவுல உக்காந்தா எவம்ல திங்க வருவான்?” என்றார்.

கடையை நடத்துகிற அளவுக்கு அப்பாவுக்கு வங்காளம் வரும். வாய் வீங்கிய பிறகு அது வரவில்லை. மிச்சமிருந்த கொஞ்சம் தமிழை என்னிடம் சொல்வார், நான் டாக்டரிடம் சொல்வேன்.

நான்காவது வாரம் நர்ஸ், “காகு, ஹா கொருன்” என்றார். அப்பா வாயைத் திறந்தார். முழுதாகத் திறக்க முடியவில்லை. டாக்டர் மரக்குச்சியால் கன்னத்தை ஒதுக்கி டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்கன்னம் முழுக்க வெள்ளையாக, பால் ஆடை ஒட்டினாற்போல இருந்தது. ஓரங்களில் ரத்தம். பார்த்துக்கொண்டே நின்றேன். மனதில் ஒன்றும் ஓடவில்லை.

“காலையில் என்ன சாப்பிட்டார்?”

அப்பா என்னைப் பார்த்தார். “இட்லி சாப்ட்டேம்னு சொல்லு.”

அப்படியே வங்காளத்தில் சொன்னேன். “இட்லி கேயேச்சேன்.” டாக்டர் ‘இரண்டு’ என்று சொல்ல வாயெடுத்தவர், மறுபடி டார்ச் அடித்தார். “இந்த வாயை வைத்துக்கொண்டா? நீ பார்த்தாயா?”

நான் பார்க்கவில்லை. அம்மா கழுவப் போட்டிருந்த டம்ளரும் வடிகட்டியும்தான் நினைவுக்கு வந்தன. வடிகட்டியில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது.

“அப்பா, மென்னீகளா, குடிச்சீகளா?”

அவர் டாக்டர் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார்.

“வெந்நில கரைச்சு வடிகட்டிக் குடிச்சீக. அப்படித்தான?”

“சாப்டதுதாம்ல அது.” ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சிலைத் துடைத்துக்கொண்டார். “காப்பி சாப்ட்டேன்னு சொல்லுததில்லியா நாம?”

இதையும் வங்காளத்தில் சொன்னேன். நர்ஸ், “ஆமாம், நாங்களும் தண்ணீரைச் சாப்பிடத்தானே செய்கிறோம், ஜோல் காய்!” என்று சிரித்தார். இரண்டு பாஷையும் அப்பா பக்கமே நின்றன. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“மூன்று,” என்றார். “இன்றைக்கே குழாய் போட்டுவிடலாம். ரேடியேஷன் நிற்காது.”

இதை அப்பாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அந்த அளவு வங்காளம் அவருக்குப் புரியும். “படிக்க வச்சதுக்கு நல்லாத்தாம்ல கேள்வி கேக்க,” என்றார். கோபமா, கேலியா, தெரியவில்லை. அந்த வாயிலிருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் வந்தது.

குழாய் போடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் டாக்குரியாவில் எங்கள் வீட்டில், நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஆறவைத்த பாலைக் குழாய் வழியே மெல்ல இறக்கினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசையவில்லை.

“அவுக சாப்ட்டாகளா?” அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

அப்பா இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சாப்ட்டாக,” என்றேன்.