ஒரு கல் உப்பு

என் சித்தப்பாவைக் கடைத்தெருவில் 'முள்ளு' என்பார்கள். தராசு முள்ளைச் சொல்கிறார்கள் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. தொண்டையில் சிக்குகிற முள்ளைச் சொல்கிறார்கள் என்பது வீட்டில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரிடம் சொன்னதில்லை.

எடை அளவுகளைச் சோதிக்கும் துறையில் ஆய்வாளர் அவர். பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். ஒவ்வொரு கல்லையும் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் மெல்லிய துணியால் துடைத்துத்தான் தட்டில் வைப்பார். வெறும் கையால் தொட்டால் விரல் அழுக்கு ஏறிக் கல்லின் எடை கூடிவிடுமாம். தராசு சரியாக இருந்தால் முத்திரை உண்டு. இல்லையென்றால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் கிடையாது. டீ வாங்கிக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதையும் குடிக்க மாட்டார். "தராசே பொய் சொன்னா அப்புறம் மனுஷன் யாரை நம்பறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்.

இப்பேர்ப்பட்டவர்தான் சொந்த வீட்டுச் சமையலறையில் அளவில் கை வைத்தார். அதுவும் சித்தியிடம். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை.

எல்லாம் உப்பில் தொடங்கியது. கல்யாணமான நாளிலிருந்து சித்தப்பா தட்டின் முன் உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் ஒரு கணம் நிறுத்துவார். கண் மேலே போகும். பிறகு, "உப்பு ஒரு கல் கம்மி" என்பார். சித்தி உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்துவாள். "அந்த ஒரு கல்லை நீங்களே போட்டுக்கங்க." அதற்கு அவர், "மேல தூவினா அது வேற. கொதிக்கும்போது உள்ள இறங்கணும்" என்பார். ஆனால் தட்டைக் காலி செய்யாமல் எழுந்த நாள் கிடையாது. சித்தியும் ஒரு கல் கூட்டிப் போட்ட நாள் கிடையாது. அவள் கை அளவு அவளுக்கு. அந்தக் கை அளவுக்காகத்தான் அவளுடைய அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு வந்து இறங்குவார். நானும் கூப்பிடாமலே போய் நிற்பேன்.

போன மழைக்காலத்தில் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் அடிப்பிடித்துக் கருகுகிறது, அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சித்தி அழவில்லை. "ருசி தெரியாதவ சமைச்சு என்ன ஆகப் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "உனக்கு ருசி தெரியாட்டி என்ன, உன் கைக்குத் தெரியுமில்ல? கை எடுக்கிறதை நான் நிறுத்துப் பாத்து எழுதிடறேன்" என்றார். ஒரு வாரம் லீவு போட்டார். சித்தி கையால் உப்பை அள்ளிப் பாத்திரத்துக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில் கிண்ணத்தை நீட்டி ஏந்துவார். டிஜிட்டல் தராசில் வைப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, "ம், இப்பப் போடு" என்பார். குழம்பு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். "என் அடுப்பையே கடைன்னு நினைச்சுட்டீங்களா, முத்திரை எங்க குத்தப் போறீங்க?" என்று சித்தி கேட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

குறித்ததையெல்லாம் சித்தப்பா கம்ப்யூட்டரில் தட்டினார். நான் என் பழைய ஈ-ரீடரைக் கொடுத்தேன். ஃபோன் என்றால் நடுவில் மணியடிக்கும், கை ஈரமாக இருக்கும் நேரம் பார்த்துத் திரை அணைந்துபோகும். ரீடர் அப்படியில்லை, வைத்த பக்கத்தைக் காட்டிக்கொண்டு பேசாமல் நிற்கும், எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சித்தி அதற்குச் சிலேட்டு என்று பெயர் வைத்தாள். ஆவி படாமல் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தாள். இரண்டு கையும் மாவாக இருந்தால் குனிந்து மூக்கால் பக்கம் திருப்புவாள். "மோந்து பாக்கத்தான் லாயக்கில்ல, இதுக்காவது உதவட்டும்" என்பாள்.

இதுவரைக்கும் எந்தக் குறையும் இல்லை.

கோழிக் குழம்பின் அளவைத் தட்டும்போதுதான் சித்தப்பாவின் விரல் தடுமாறியது. சீட்டில் இருந்த உப்பின் அளவைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன் நாக்கு கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு கல்லை நினைத்தார். இரண்டு கிராம் கூட்டித் தட்டினார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். ஒரே பொருளுக்கு இரண்டு அளவு இருக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் ஊறிய பழக்கம்.

அடுத்த முறை கோழி சமைத்தபோது சித்தி பழக்கப்படி கையால் உப்பை அள்ளினாள், நிறுத்தாள், சிலேட்டைப் பார்த்தாள். கையில் எடுத்தது குறைவாக இருந்தது. "காய்ச்சல்ல கைகூட இளைச்சுப் போச்சு போல" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். சித்தப்பா காதில் அது விழுந்தது. விழுந்தும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டார். முதல் வாய் வைத்தார், நிறுத்தவில்லை, கண் மேலே போகவில்லை. "இன்னிக்குக் குழம்பு நல்லா இருக்கு" என்றார்.

சித்தி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாளாம். "என்ன சொன்னீங்க?" என்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று மாலையே எனக்கு ஃபோன். "உன் சித்தப்பா வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொன்னாருடி. ருசி போனப்பறம்தான் எனக்குச் சமையலே வந்திருக்கு." அப்படிச் சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

அதைப் பார்த்த சித்தப்பா தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். அவளுக்கும் சந்தோஷம், தனக்கும் ருசி, யாருக்கு என்ன நஷ்டம்? பருப்பு, மீன், வறுவல் எல்லாவற்றிலும் உப்பைக் கூட்டினார்; கூடவே காரத்தையும். அந்தச் சீட்டுகளையும் கிழித்தார், ரீடரில் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினார். தினமும் "நல்லா இருக்கு" என்றார். சித்தியின் கை தினமும் சிலேட்டிடம் தோற்றது. கடைசியில் கையால் அள்ளுவதையே விட்டுவிட்டாள். கரண்டி, தராசு, சிலேட்டு, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் அண்ணன் குடும்பம் வந்தது. காய்ச்சலுக்கு அப்புறம் அதுதான் முதல் விருந்து. எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு வாய் வைத்தார், தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், இன்னொரு தண்ணீர். அண்ணி குழந்தைகளைக் கண்ணாலேயே அடக்கினாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினேன். ருசி போனவளிடம் உப்பு அதிகம் என்று எந்த வாயால் சொல்வது? பாவம் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டோம். சித்தப்பா மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். பாதியில் எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு அவருக்கும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் ஃபோனில், "நீ எதுக்கும்மா கஷ்டப்படறே, வெளிய எங்கயாவது போய்ச் சாப்பிடலாம்" என்றார். சித்திக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சிலேட்டைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். "அளந்து போட்டும் வரலைன்னா என் கை போயிடுச்சுன்னுதானே அர்த்தம். நாளையிலேருந்து கடையில வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. சித்தப்பாவுக்கு அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாங்கிக்கொண்டுதான் வந்தார். பொட்டலத்தைப் பிரித்து இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுப்பு சுத்தமாக, குளிர்ந்துபோய்க் கிடந்தது. வேலையில் அந்த நாட்களில் சித்தப்பா ஒரு தராசைக்கூட நிராகரிக்கவில்லை என்று பிறகு சொன்னார். கல்லை வைத்ததும் முள் நகர்வதைப் பார்க்க முடியவில்லையாம், கண்ணைத் திருப்பிக்கொண்டாராம்.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. "ஏம்மா, மேலயே திருப்பி எழுதிட்ட ஃபைலைப் பழையபடி எடுக்க முடியுமா?" என்றார்.

"எதுக்கு சித்தப்பா?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கிற மூஞ்சியா இது?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். முதல் இரண்டு கிராமிலிருந்து. நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "தராசே பொய் சொன்னா யாரை நம்பறதுன்னு ஊரெல்லாம் கேப்பீங்களே, சித்திக்கு உங்களை விட்டா வேற தராசு எது? கண்ணு தெரியாதவங்க கையில தப்பான சில்லறையைத் திணிச்ச மாதிரி பண்ணியிருக்கீங்க" என்றேன். அவர் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபைலைத் தோண்டித் துருவிப் பார்த்தேன். பழையது எங்கேயும் இல்லை. சீட்டுகளையும் கிழித்தாகிவிட்டது. சித்தியின் அளவு இப்போது ஒரே இடத்தில்தான் இருந்தது, அவள் கையில். அந்தக் கையைத்தான் அவள் நம்புவதை விட்டிருந்தாள். கை போகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமென்றால், யாரால் போனதுபோல் ஆயிற்று என்பதும் தெரிந்தாக வேண்டும்.

"நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடேன்மா" என்றார்.

"கூட வேணா வரேன். வாயை நீங்கதான் திறக்கணும்."

சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அலமாரியைத் திறந்து சிலேட்டை எடுத்து அவள் முன் வைத்தார். "இதுல இருக்கிறது உன் அளவு இல்ல. நான் கூட்டிட்டேன். எனக்குப் பிடிச்ச மாதிரி உப்பைக் கூட்டி வெச்சுட்டேன். உன் கை சரியாத்தான் இருந்துது" என்றார்.

சித்தி மடித்த துண்டை மறுபடியும் பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் உப்பைப் பற்றியே கேட்கவில்லை.

"அன்னிக்குக் கோழிக் குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அது?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "அது நான் போட்ட அளவு."

"அப்புறம் தினமும் சொன்னது?"

சித்தி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

வந்தவள் நேரே சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தாள். "தராசை எடுத்துட்டு வாங்க" என்றாள். பாத்திரம் இல்லை, அடுப்பு எரியவில்லை. வெறும் மேடைமுன் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "கோழி" என்று சொல்லி ஓர் அள்ளு அள்ளினாள். அவர் கிண்ணத்தை நீட்டினார். அவள் கொட்டினாள். "பருப்பு" என்றாள். அவர் தராசின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தேடினார். "நீங்க எழுத வேணாம், அவ எழுதட்டும்" என்று என்னைக் காட்டினாள். நான் எழுதினேன், நானே ரீடரில் ஏற்றினேன்.

மறுநாள் அந்த அளவில் கோழிக் குழம்பு வைத்தாள். அவர் தட்டில் ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு இருக்கும் நாக்கு அவருடையது ஒன்றுதான். "சொல்லுங்க" என்றாள்.

சித்தப்பா முதல் வாய் வைத்தார். நிறுத்தினார். நல்லா இருக்கு என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. தொண்டை வரைக்கும் வந்ததாம்.

"உப்பு ஒரு கல் கம்மி" என்றார்.

சித்தி நீண்ட மூச்சு விட்டாள். "அப்ப சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அண்ணனுக்கு ஃபோன் செய்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள்.

அண்ணன் வந்தார், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு சித்தி ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் சித்தப்பாவைக் கொல்கிறது. வயதானதில் அவர் நாக்கும் மாறிக்கொண்டு வருகிறது. இப்போதெல்லாம் அவள் அளவு அவருக்கு உண்மையாகவே பிடிக்கிறது. போன வாரம் நான் போயிருந்தபோது தன்னை மறந்து, "இன்னிக்கு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார். சித்தி சாப்பாட்டிலிருந்து எழுந்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி, யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.