ஏழாவது படத்தில் என் தம்பி

பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாத ஆள் நான். மலைப்பாதையில் வெள்ளைச் சேலைக்காரி லிப்ட் கேட்டாள் என்று அடிவாரத்து டீக்கடையில் யாராவது அளந்தால், "ஹெல்மெட் போட்டிருந்தாளா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மலைமேல் வெள்ளக்கடை என்ற ஊரில், ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நான். தம்பி ஜெரோம் தூத்துக்குடியில் கடலுக்குள் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிறான். மலையில் பிறந்தவனுக்கு அந்தப் பித்து எப்படிப் பிடித்ததோ, எனக்கும் கொஞ்சம் ஒட்டவைத்துவிட்டான். திமிங்கலச் சுறா இருக்கிறதே, கடற்கரைக்காரர்கள் அம்மணி உழுவை என்பார்கள், பஸ் நீளத்துக்கு வளரும், ஆனால் சாது. அதன் உடம்பில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. முக்குளிப்பவர்கள் அதைத் தொடாமல், தள்ளியே நின்று, செவுளுக்குப் பின்னால் இடது விலாவைப் படமெடுத்து, இடம், நாள், காயம் எல்லாம் குறித்து அனுப்பினால், எந்தச் சுறா எங்கே போகிறது, எத்தனை காலம் பிழைத்திருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுகொள்வார்கள். வரும் படங்களைப் பழைய படங்களோடு ஒத்துப் பார்ப்பது லீவு நாளில் என் வேலை.

இதில் ஒரு தொல்லை உண்டு. சிலர் வலது விலாவை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிப் போட்டு இடது என்று அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு சுறா இரண்டு சுறாவாகிவிடும். அதனால் நான் முதலில் சுறாவைப் பார்ப்பதில்லை. படத்தில் எங்காவது எழுத்து தெரிகிறதா, அது நேராக இருக்கிறதா என்றுதான் தேடுவேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மத்தியானம் இரண்டு மணிதான், ஆனால் மூடுபனி இறங்கி வாசலில் நின்ற பைக்கே தெரியவில்லை. காலையில் எடுத்த படங்களை ஜெரோம் அனுப்பியிருந்தான், ஏழு படம். ஆறும் நல்ல படம். ஏழாவதில் சுறாவுக்குக் கீழே ஒருவன் முதுகில் காற்றுச் சிலிண்டர் தெரிந்தது, அதில் பெயின்டில் 'ஜெ', ஜெரோமுடையது. எழுத்து நேராகத்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொரு சிலிண்டர், அதில் 'அ'. அது அவன் கூட்டாளி அருள்.

அவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள், கேமராவும் ஒன்றுதான். இரண்டு பேருமே படத்துக்குள் இருக்கிறார்களே, அப்படியானால் எடுத்தது யார்? பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெரோம் சுறாவைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தான். கையைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்திருந்தான். தண்ணீருக்குள் அதற்கு ஒரே அர்த்தம், எனக்குக் காற்று இல்லை.

உடனே ஜெரோமுக்குப் போன் போட்டு, ஏழாவது படத்தை எடுத்தது யார் என்று கேட்டேன்.

"ஏழா? நான் ஆறுதான்ண்ணா அனுப்புனேன். காலையில நானும் அருளும் மட்டுந்தான் எறங்குனோம். படகுக்காரருக்கு முக்குளிக்கவே தெரியாது."

"இப்ப எங்கடா இருக்கற?"

"படகுலதான். சுறா இன்னும் இங்கயேதான் சுத்துது. வலது பக்கமும் எடுத்துட்டு வந்தர்றோம்."

"சாமி, வேண்டாஞ் சாமி. இன்னைக்கு நீ எறங்காத. எறங்குனீன்னா இனி நம்மூட்டுப் படி ஏறாத!"

சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் மனைவி ரோஸி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுகையைக் கேட்டுத்தான் ஜெரோம் அடங்கினான். அன்று இரண்டு பேருமே இறங்கவில்லை. படத்தை அனுப்பிக் காட்டினேன், அருள் கம்ப்யூட்டரில் ஒட்டு வேலை செய்திருப்பான் என்று ஜெரோம் சிரித்தான். அருளோ மாதா மேல் சத்தியம் செய்தான்.

போனால் போகிறது, தம்பி பிழைத்தான் என்று நினைத்தேன். சாயங்காலம் புள்ளிகளை ஒத்துப் பார்த்தேன், ஏழிலும் அதே சுறா. ஆனால் ஆறு படங்களில் முதுகுத் துடுப்பு முழுசாக இருந்தது. ஏழாவதில் அதன் நுனி வெட்டுப்பட்டு, வெட்டு ஆறி வெள்ளைத் தழும்பாகியிருந்தது. ஒரே நாள் காலையில் வெட்டும் பட்டு ஆறவும் செய்யுமா?

நம்பினால் நம்புங்கள், போன மாதம் வேறு ஒரு முக்குளிப்பவர் அந்தச் சுறாவின் படத்தை அனுப்பினார். துடுப்பின் நுனியில் வெட்டு, எந்தப் படகின் விசிறி பட்டதோ, சதை இன்னும் சிவப்பாக இருந்தது. ஏழாவது படத்தில் தழும்பு இருந்த அதே இடம், அதே கோணல். நான் தடுத்த நாள் வேறு, இந்தக் காயம் ஆறித் தழும்பான பிறகு, ஏழாவது படத்தின் நாள் இனிமேல்தான் வரப்போகிறது.

ஜெரோமிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"அண்ணா, காயம் ஆறுதான்னு தெரியோணும்னா ஆராச்சும் திரும்பப் போயிப் படமெடுத்துத்தான் ஆவோணும். நானே போறேன்னு பேரு குடுத்துட்டேன்."