அம்மனுக்கு முதுகு காட்டிய படம்

நாமகிரிப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் அரண்மனை மியூசியத்துக்குப் போயிருந்தோம். வெண்கல அம்மனைப் பார்த்ததும் என் மனைவி, கோயிலுக்கென்று வாங்கியிருந்த பூவை அதன் காலடியில் வைக்கப் போனாள்.

காவலாளி தடுத்தார். “இது சாமி இல்லம்மா. காட்சிக்கு வச்ச சிலை.”

எனக்கு மானமே போய்விட்டது. “இதுகூடவா தெரியாது?” என்று அவளைத் திட்டிவிட்டு, சிலைக்கு முன்னால் செல்ஃபிக்கு நின்றேன். படம் எடுத்த கையோடு அதே காவலாளி ஓடி வந்தார்.

“சார், சாமிக்கு முதுகைக் காட்டாதீங்க!”

“ஏனுங்க, இப்பத்தான சாமி இல்லைன்னீங்க?”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கூடத்துக்கு நடந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பையைப் பார்த்தேன். பூ இல்லை.

“அந்தக் காவக்காரருகிட்டயே குடுத்துட்டனுங்க. செருப்பக் கழட்டீட்டு, ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டாருங்க.”

அந்தப் படம் இன்னும் என் செல்போனில் இருக்கிறது. அழிப்பதா, கும்பிடுவதா என்றுதான் தெரியவில்லை.